ஓரத்தில் நிற்காத பெயிண்ட்

நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் போன மாதம் பெயிண்ட் அடிக்கும் இயந்திரக் கை ஒன்று வாங்கியிருக்கிறார்கள். தஞ்சாவூர் வெயிலில் அது இரண்டு நாள் வேலை செய்தது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்யும் ஆள் வடக்கேயிருந்து வர வேண்டுமாம். அதுவரைக்கும் பழைய உருளையையே எடுத்து வேலையை ஓட்டுகிறார்கள். ஆய்வகத்தில் இப்போது பொறுப்பில் இருக்கும் பெண் எனக்குப் போன் செய்தார்.

"கிருபா மேடம், ஓரத்துக்குப் பூசுற உருளை நம்ம கம்பெனிக்கு எப்படி வந்துச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. புதுசா சேர்றவங்களுக்குக் காட்டணும். எந்த மீட்டிங்ல முடிவாச்சுன்னு இருந்தாக்கூடப் போதும்."

மீட்டிங் எதிலும் முடிவாகவில்லை. அதனால் நடந்ததையே எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் அவர் வெட்டிக்கொள்ளட்டும்.

என் ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கம். அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். நான் மிஷன் பள்ளியில் படித்து, வேதியியலில் பட்டம் வாங்கி, இந்தப் பெயிண்ட் கம்பெனியில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் டப்பா கழுவினேன். அடுத்த ஆறு மாதம் மற்றவர்கள் அளந்ததை எழுதினேன். அதற்கடுத்த வருடம் நான் அளந்தேன், மற்றவர்கள் எழுதினார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

நாங்கள் வீட்டுச் சுவருக்கான பெயிண்ட் தயாரிக்கவில்லை. ஆறு, வாய்க்கால்களில் தண்ணீரை நிறுத்தவும் திறக்கவும் இருக்கும் இரும்பு ஷட்டர்களுக்குத் துருப்பிடிக்காமல் பூசும் பெயிண்ட்தான் எங்கள் சரக்கு. மேட்டூரில் தண்ணீரை நிறுத்தி வாய்க்கால் காய்ந்த பிறகு வேலை தொடங்கும். ஜூனில் தண்ணீர் வருவதற்குள் முடித்தாக வேண்டும். பழைய துருவை மணல் அடித்து நீக்கி, சாம்பல் நிறத்தில் ஒரு கோட், அதன் மேல் செங்கல் நிறத்தில் ஒரு கோட். இரண்டும் சேர்ந்து இருநூற்றைம்பது மைக்ரான் கனம் இருக்க வேண்டும். அதாவது கால் மில்லிமீட்டர். குறைந்தால் துரு வரும், ரொம்பக் கூடினால் வெடித்துப் பெயரும்.

அந்தக் கனத்தை அளப்பதுதான் என் வேலை. கையடக்கமான ஒரு கேஜ் உண்டு. அதன் மூக்கைப் பெயிண்டின் மேல் வைத்தால், அடியில் இருக்கும் இரும்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் காந்தத்தால் உணர்ந்து எண்ணாகக் காட்டும். ஷட்டரை வெள்ளைச் சாக்பீஸால் கட்டம் கட்டுவேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து இடம், ஓரங்களில் தனியாக ஐந்து இடம். எண்ணைப் படித்துச் சொல்வேன், ஒருவர் எழுதுவார், எழுதியதை அவர் திருப்பிப் படிப்பார், நான் 'சரி' என்பேன். ஒரு ஷட்டருக்கு அரை நாள் ஆகும். தண்ணீரில்லாத வாய்க்காலின் நடுவில் மே மாத வெயிலில் நிற்கிற அரை நாள். குடை பிடிக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். குடை பிடிக்கும் ஆளுக்கும் வெயில்தானே.

என் மேலாளர் வைத்தியநாதன் சார். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் வைத்தால், பேனா மூடியைத் திறந்து வைத்துவிட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"இத நீங்க பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?"

"நான் பாத்தேன் சார்."

கையெழுத்துப் போடுவார். 'சொன்னாங்க சார்' என்றால் பேனாவை மூடிவிடுவார். திட்டமாட்டார். மூடிய பேனாவைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடத் திட்டு வாங்குவது எவ்வளவோ தேவலை. 'கேஜ் சொன்னது' என்பது இந்த இரண்டில் எதில் சேரும் என்று அவரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

முத்துப்பேட்டைக்கு மேற்கே, கடைமடையில், கடல் உப்பு வயலுக்குள் ஏறாமல் தடுக்கும் ஷட்டர்கள் இரண்டுக்கு ஒரு வருடம் எங்கள் பெயிண்ட் போனது. ஒப்பந்தக்காரரின் பெயிண்டர் பெயர் ராஜேந்திரன். நாற்பது வயது இருக்கும். நான் கேஜோடு போனபோது அவர் ஷட்டரின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், ஓரத்துக்கு மட்டும் இன்னொரு கை குடுக்கட்டுமா?"

"ஏன்?"

"ஓரத்துல பெயிண்ட் நிக்காது மேடம். ஈரமா இருக்கும்போதே ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டுப் போயிரும். பாக்க நிறம் இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது."

நான் ஓரத்தில் கேஜை வைத்தேன். இருநூற்று அறுபது.

"இருக்கே."

"மிஷின் சொல்லுது. எனக்கு என்னமோ..."

"மிஷின் எதுக்குங்க பொய் சொல்லப் போகுது?" என்றேன்.

நான் கையெழுத்துப் போட்டேன். பத்து நாளில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த வருடம் வாய்க்கால் காய்ந்தபோது இரண்டு ஷட்டர்களிலும் எல்லா ஓரங்களிலும் துரு. தட்டையான பகுதி புதுசு போல இருந்தது. பொதுப்பணித் துறையிலிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தக்காரர், வைத்தியநாதன் சார், நான் மூவரும் உட்கார்ந்து விசாரித்தோம். எங்கள் கையிருப்பு மாதிரியைச் சோதித்தோம், பெயிண்டில் குறையில்லை. என் ரிப்போர்ட்டைப் பார்த்தோம், கனத்திலும் குறையில்லை. மிச்சம் இருந்தது பூசிய ஆள். தட்டையான இடத்தை ஒழுங்காகப் பூசிவிட்டு, கடைசியில் ஓரத்துக்கு வந்தபோது பெயிண்டை இளக்கும் தின்னரை அதிகமாகக் கலந்திருக்கிறார் என்று முடிவு செய்தோம். கலந்தால் பெயிண்ட் மிச்சமாகும். மிச்சத்தை வெளியில் விற்றிருப்பார்.

தின்னர் கலந்த பெயிண்ட் ஓரத்தில் கனமாக நிற்காது. நாங்களோ அது கனமாகவும் இருந்தது, தின்னர் கலந்ததாகவும் இருந்தது என்று ஒரே தாளில் எழுதினோம். இப்போது எழுதும்போது அது எளிதாகத் தெரிகிறது. அன்று மூன்று பேர் உட்கார்ந்து யோசித்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விசாரணையில் ராஜேந்திரனைக் கேட்டவள் நான்தான்.

"மிச்சம் பண்ணுன பெயிண்ட் எங்க போச்சு?"

"எங்கயும் போகல மேடம். எல்லாம் ஷட்டர்லதான் இருக்கு."

இவரை எங்கள் பூச்சு வேலைகளில் சேர்க்க வேண்டாம் என்று எல்லா ஒப்பந்தக்காரர்களுக்கும் கடிதம் போனது. அதன் தொழில்நுட்பப் பத்தியை எழுதியது நான். கையெழுத்து வைத்தியநாதன் சாருடையது.

அதற்குப் பிறகு ராஜேந்திரன் கை படாத ஷட்டர்களிலும் ஓரம் துருப்பிடித்தது. காற்று என்று எழுதினோம். உப்பு என்று எழுதினோம். ஒரு தடவை, படகு உரசியிருக்கலாம் என்று எழுதினோம். அந்த வாய்க்காலில் படகு போகிற அளவுக்குத் தண்ணீர் வந்ததே இல்லை.

ஆறு வருடம் இப்படிப் போனது. அப்போது முதலாளியின் மகள் நிர்வாகத்துக்கு வந்தார். அவர் முதலில் செய்த காரியம் துரு பற்றிய எங்கள் ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தது.

"ஆறு வருஷமா ஒரே இடத்துலதான் துரு வருது. காரணம் மட்டும் வருஷத்துக்கு ஒண்ணா இருக்கு. நமக்குத் தெரியல சார். வெளியில கேப்போம்."

வைத்தியநாதன் சார் கேட்டார்.

"நம்ம பெயிண்ட எப்படிப் பூசுறதுன்னு நமக்கே தெரியலன்னு பேப்பர்ல போடணுமாம்மா?"

"ஆமா சார்."

போட்டோம். 'இரும்பு ஷட்டரின் ஓரங்களிலும் மூலைகளிலும் பெயிண்டை ஒரே கனத்தில் பூச எளிய வழி வேண்டும். கருவியாகவும் இருக்கலாம், முறையாகவும் இருக்கலாம். ஒரே ஆள் கையாள வேண்டும், மின்சாரம் கூடாது. யாரும் அனுப்பலாம். தேர்வாகும் கருவி அனுப்பியவர் பெயரிலேயே பயன்படுத்தப்படும்.'

யாரும் என்று போட்டதால் யார் யாரோ அனுப்பினார்கள். ஒரு கல்லூரிப் பேராசிரியர் பெரிய வரைபடம் அனுப்பினார். அதற்கு மும்முனை மின்சாரம் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஷட்டரைக் கழற்றி ஒரு பெரிய தொட்டிப் பெயிண்டில் முக்கி எடுக்கச் சொன்னார். ஷட்டரை எப்படிக் கழற்றுவது என்று அடுத்த கடிதத்தில் எழுதுவதாகவும் சொன்னார். எழுதவில்லை. மூன்று பேர் வேலை கேட்டு விண்ணப்பம் அனுப்பினார்கள். ஒருவர் தன் வீட்டு முன்சுவருக்கு என்ன நிறம் பொருந்தும் என்று போட்டோ வைத்துக் கேட்டிருந்தார். வைத்தியநாதன் சார் அவருக்கும் பதில் போட்டார். இளம் மஞ்சள்.

பிறகு முத்துப்பேட்டையிலிருந்து துணியில் தைத்த பார்சல் ஒன்று வந்தது. உள்ளே கையளவில் ஓர் உருளை. நடுவில் ஆங்கில 'வி' போலப் பள்ளம் வெட்டி, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இரும்புச் சக்கரம். பள்ளம் ஷட்டரின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு ஓடும். சக்கரங்கள் இரும்பின் மேல் உருள்வதால் உருளை ஓர் அளவுக்கு மேல் அழுந்தாது. அந்த இடைவெளி எவ்வளவோ அவ்வளவு பெயிண்ட் ஓரத்தில் நிற்கும். கூடவே ஒரு தாள்.

'நான் இப்போது பைபர் படகு வேலை பார்க்கிறேன். படகுக்கு இப்படித்தான் உருளை வைத்து ஓட்டுவோம். ஓரத்துக்குப் பள்ளம் நான் வெட்டியது. ராஜேந்திரன்.'

தாளை வைத்தியநாதன் சாரிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். படிக்க அதில் அவ்வளவு இல்லை.

"இவர நாம வேண்டாம்னு எழுதியிருக்கோமே சார்."

"அறிவிப்புல யாரும்னு போட்டிருக்கோம்மா. யாரும்னா யாரும்தான். வரச் சொல்லுங்க."

ராஜேந்திரன் வந்தார். நரை விழுந்திருந்தது. வணக்கம் சொன்னார். பழையதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. ஆங்கிள் இரும்புத் துண்டுகளில் சோதனையைத் தொடங்கினோம்.

முதல் சோதனை இருபது நிமிடத்தில் முடிந்தது. உருளையை அவர் வலை மிதவையிலிருந்து அறுத்திருந்தார். எங்கள் தின்னர் பட்டதும் அது உப்பிப் பூரியாகிவிட்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படகுப் பசைக்கு இது தாங்கும் மேடம். ஒங்க தின்னர் பொல்லாதது. பதினஞ்சு நாள் குடுங்க."

பதினைந்து நாளில் மரத்தைக் கடைந்து, அதன் மேல் கம்பளி சுற்றிக் கொண்டுவந்தார். இந்தத் தடவை உருளை தாங்கியது. ஒரு துண்டை வழக்கம் போல பிரஷ்ஷில் பூசினோம், ஒரு துண்டை உருளையில். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பெயிண்ட் போனது என்று டப்பாவை முன்னும் பின்னும் எடை போட்டு எழுதினேன். ஒரு வாரம் காயவிட்டு, அவரை வரச் சொல்லி, அவர் முன்னாலேயே அளந்தேன்.

பிரஷ்ஷில் பூசிய ஓரம் இருநூற்று அறுபது. உருளையில் பூசிய ஓரம் நானூற்று எண்பது.

"ரொம்பக் கனம் ராஜேந்திரன். இது வெடிச்சுரும். தேறாது."

நான் அதை உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னேன். அவர் என் மேசையிலிருந்த எடைத் தாளை எடுத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"மேடம், இந்தத் துண்டுல நான் பூசுன பெயிண்டே மொத்தம் இவ்வளவுதான். நீங்களே எடை போட்டீங்க. நீங்க சொல்ற கனத்துக்கு இது பத்தாது."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தவில்லை.

"அன்னைக்கு, பெயிண்ட் எங்க போச்சுன்னு நீங்க என்னக் கேட்டீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "இன்னைக்கு நான் கேக்குறேன். இவ்வளவு பெயிண்ட் எங்கேருந்து வந்துச்சு?"

அவரை உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டு துண்டுகளையும் ஆக்சா பிளேடால் குறுக்கே அறுத்தேன். அதுவரைக்கும் அப்படிச் செய்ததில்லை. கேஜ் இருக்கும்போது யாராவது பூசியதை அறுப்பார்களா? அறுத்த முகத்தை உப்புத்தாளில் தேய்த்தேன். முதலில் கரடுமுரடானது, பிறகு நைசு, பிறகு அதைவிட நைசு. தேய்த்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

உருளையில் பூசியதில் சாம்பல் கோடும் செங்கல் கோடும் ஓரத்தைச் சுற்றி வளைந்து, ஒரே அகலத்தில் போயின. இருநூற்று நாற்பதுக்கும் இருநூற்று அறுபதுக்கும் நடுவில். பிரஷ்ஷில் பூசியதில் இரண்டு கோடுகளும் தட்டையான இடத்தில் ஒழுங்காக வந்து, ஓரத்தை நெருங்க நெருங்க மெலிந்து, முனையில் எழுபது. ஓரிடத்தில் சாம்பல் கோடே தெரியவில்லை.

அலமாரியிலிருந்து கேஜோடு வந்த கையேட்டை எடுத்தேன். பதினேழாம் பக்கத்தில் இருந்தது. ஓரத்துக்கு மிக அருகில் வைத்தால் அடியில் இரும்பு போதாமல் காந்தம் குழம்பும், கனத்தைக் கூட்டிக் காட்டும், அங்கே அளக்க வேண்டாம். முதல் பக்கத்தில் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து இருந்தது.

ராஜேந்திரனைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிரஷ் துண்டைப் பார்த்தார்.

"இதான் மேடம்" என்றார். "இதத்தான் சொன்னேன்."

அன்று அவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

ரிப்போர்ட்டை இரண்டு விதமாக எழுதலாம். உருளை தேறியது, உடனே பயன்படுத்தலாம் என்று மட்டும் எழுதினால் போதும். எல்லோருக்கும் சந்தோஷம். கேஜைப் பற்றியும் எழுதினால், நான் ஓரத்தில் அளந்து கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு ஷட்டரும் கேள்விக்கு வரும். என் வேலையும் வரலாம். வீட்டில் பையன் கல்லூரியில் இருந்தான். அந்த இரவு முதல் விதத்தில் ஒன்று எழுதினேன். காலையில் அதைக் கிழித்துவிட்டு, எல்லாவற்றையும் எழுதி வைத்தியநாதன் சார் மேசையில் வைத்தேன்.

அவர் பேனா மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் படித்தார். கேள்வியைக் கேட்கவில்லை. எழுந்து ஆய்வகத்துக்கு வந்து, மைக்ராஸ்கோப்பின் முன்னால் தானே உட்கார்ந்தார். இரண்டு துண்டுகளையும் பார்த்தார்.

"நான் கையெழுத்துப் போட்ட லெட்டர்ல அந்த ஆளப் பத்தி என்ன எழுதியிருந்தோம்?"

"பெயிண்ட்ல கலப்படம் செஞ்சதாத் தெரிய வருதுன்னு சார்."

"தெரிய வருது" என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு நிர்வாகியின் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தார். துறைக்குத் தகவல் போனது. அந்தக் கோடையில் பழைய ஷட்டர்கள் எல்லாவற்றுக்கும் ஓரத்தை எங்கள் பொறுப்பில் திரும்பப் பூசிக்கொடுத்தோம். எனக்கு ஒரு வருடம் சம்பள உயர்வு நின்றது. தனக்கும் நிறுத்தச் சொல்லி வைத்தியநாதன் சாரே எழுதிக்கொடுத்திருந்தது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும்.

ராஜேந்திரனிடம் யார் போய்ச் சொல்வது என்ற பேச்சு வந்தபோது, நான் போகிறேன் என்றேன்.

வீடு முத்துப்பேட்டையில் ஒரு படகுப் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. அவர் மனைவி செல்வி கதவைத் திறந்து, நான் யாரென்று தெரிந்ததும், "உள்ள இருக்காரு" என்று மட்டும் சொன்னார். நாற்காலி போட்டவர் ராஜேந்திரன்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். கேஜில் தப்பில்லை, அதை வைத்த இடம் தப்பு, வைத்தவள் நான், நீங்கள் எதையும் கலக்கவில்லை, விற்கவும் இல்லை. மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

"சரி மேடம்" என்றார் அவர்.

செல்விதான் பேசினார். வாசற்படியில் நின்றபடியே பேசினார்.

"ஆறு வருஷமா எங்கண்ணன் எங்க வீட்டுல கை நனைக்கல மேடம். பெயிண்ட் திருடி வித்த வீட்டுல எப்படிச் சாப்புடுறதுன்னு கேட்டுச்சு. இவரு அதுக்கும் ஒண்ணும் பேசல. இப்ப நீங்க வந்து எங்கிட்டச் சொல்றீங்க. எனக்குத்தான் மொதல்லேருந்தே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட யாரு சொல்றது?"

"லெட்டர் வரும்மா. அன்னைக்கு யார் யாருக்குப் போச்சோ அவ்வளவு பேருக்கும் போகும்."

"எங்கண்ணனுக்கு?"

அண்ணனின் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டேன்.

கடிதத்தை வைத்தியநாதன் சார் நாலு தடவை திருத்தினார். கடைசியில் அதில் 'தெரிய வருகிறது' என்ற சொல் இல்லை. 'நாங்கள் தவறாக அளந்தோம். ராஜேந்திரன் சரியாகப் பூசினார். ஓரத்தில் இன்னொரு கோட் வேண்டும் என்று அவர் கேட்டதை நாங்கள் மறுத்தோம்.' ஒப்பந்தக்காரர்களுக்கு அனுப்பிய அதே கடிதம், அதே முத்திரையோடு, செல்வியின் அண்ணனுக்கும் பதிவுத் தபாலில் போனது. ஒரு பெயிண்ட் கம்பெனி தன் பெயருக்கு எதற்காகப் பதிவுத் தபால் அனுப்புகிறது என்று அந்த மனிதர் பயந்துபோய், பக்கத்து வீட்டு வக்கீலிடம் கொண்டுபோய்ப் படிக்கக் கொடுத்தாராம். அதனால் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அந்த வருடம் பொங்கலுக்கு அவர் வரிசையோடு வந்து, தங்கை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

உருளையின் வரைபடத்தில் ராஜேந்திரன் பெயர் இருக்கிறது. ஓரம் பூசுவதற்கு டெல்டா முழுக்கப் பெயிண்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். நாங்கள் பதினோரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். ஓரங்களை அளக்க, பக்கத்திலேயே ஒரு மாதிரித் துண்டைப் பூசி, அதை அறுத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தோம். நேரம் கூடுதலாகிறது. இளையவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று கேள்வி. முணுமுணுத்துக்கொண்டே அறுக்கட்டும்.

அவர் அன்று சொன்ன 'சரி மேடம்' எந்த வகைச் 'சரி' என்று நான் கேட்டதே இல்லை. கேட்க எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. அவரோடு ஒரே ஜீப்பில் கல்லணையிலிருந்து கடைமடை வரைக்கும் போயிருக்கிறேன்.

என் பணி நிறைவு விழாவில் ஒன்பது பேர் பேசினார்கள். எட்டுப் பேர் சொன்ன அந்தக் கிருபாவை எனக்கே அறிமுகமில்லை. தப்பே செய்யாதவளாம், அவள் அளந்தால் மறு பேச்சே கிடையாதாம். ஒன்பதாவதாக ராஜேந்திரனைக் கூப்பிட்டார்கள். அவருக்கு மைக் பழக்கமில்லை. கொஞ்சம் தள்ளியே நின்று பேசினார்.

"மேடம் ஒரு தடவ தப்பா அளந்தாங்க. அது என் தலையில விழுந்துச்சு. அப்புறம் அவங்களே அறுத்துப் பாத்து, அவங்களே எங்க வீட்டுக்கு வந்து சொன்னாங்க. சொல்லாம இருந்திருந்தாலும் உருளைக்கு எம்பேர் வந்திருக்கும், நானும் சந்தோஷமாத்தான் இருந்திருப்பேன். ஆனா மச்சான் எங்க வீட்டுக்கு வந்திருக்கமாட்டாரு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். இதற்குக் கைதட்டலாமா கூடாதா என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் எல்லோரும் நிர்வாகியின் முகத்தைப் பார்த்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த செல்வி மட்டும் தட்டினார்.